உளுந்தஞ்சோற்றை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்ததால், எனக்கு இன்சுலின் எதிர்ப்பு இருப்பதாக மருத்துவர் கூறினார். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் ரத்தத்தில் மிகுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்று படித்தேன். உளுந்தஞ்சோற்றையும் மீன்குழம்பையும் நிறுத்திவிடட்டுமா? என் மகனோ உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள் என்று அமினோ அமிலப் பொடியே வாங்கிக் குடிக்கிறான்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. நீங்கள் படித்த செய்தி உண்மைதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியன்று.

லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் உடல் பருத்தவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பது 1969 முதலே அறியப்பட்டது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வில், இவற்றோடு டைரோசின், ஃபினைல்அலனின் என்னும் வேறு இரு அமினோ அமிலங்களும் மிகுந்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2011இல் தெரியவந்தது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் கண்ட அளவு இது என்பதால், முந்தைய இரவு உண்ட மீனை இதற்குப் பொறுப்பாக்க முடியாது. தசைப் புரதம் அளவுக்கு மீறிச் சிதையாமல் காப்பதும் இன்சுலினின் பணியே. அதன் பிடி தளரும்போது தசையிலிருந்து அமினோ அமிலங்கள் ரத்தத்துக்கு வருகின்றன. அதே வேளையில், பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் அவற்றைச் சிதைக்கும் நொதிகளும் குறைந்துவிடுவதால், வந்தவை செலவாகாமல் தேங்குகின்றன. ஆகவே இந்த உயர்வு பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் விளைவே என்பது என் கருத்து.

மறுதிசையிலும் சான்றுகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தேங்கிய லியூசின் எம்டார் என்னும் புரதத்தைத் தூண்டி இன்சுலினின் சமிக்ஞையை மங்கச் செய்கிறது. வாலின் சிதைவில் உண்டாகும் ஒரு பொருள் தசைக்குள் கொழுப்பு நுழைய வழிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த தீனியுடன் இம்மூன்றையும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு உண்டானது. உங்கள் மகனுக்குப் பொடி தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பருப்பும் முட்டையும் மீனும் உண்ணும் பிள்ளைக்கு இந்த அமினோ அமிலங்கள் உணவிலேயே போதிய அளவு கிடைக்கின்றன.

உளுந்தஞ்சோற்றில் சர்க்கரையை விரைந்து ஏற்றுவது அரிசியே. அரிசியைக் குறைத்துத் தொலி நீக்காத உளுந்தைக் கூட்டி ஆக்குங்கள். எள்ளுத் துவையல் இருக்கட்டும். உளுந்தங்களியில்தான் எச்சரிக்கை தேவை, ஏனெனில் கருப்பட்டியும் சர்க்கரையே. நாள்தோறும் விரைந்து நடங்கள். உழைக்கும் தசை குளுக்கோஸையும் இந்த அமினோ அமிலங்களையும் எரிக்கிறது. இவற்றை அளக்கத் தனிப் பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.