முழங்கால் வலியுள்ள அம்மாவோடு இத்தாலியில் எந்தக் கோட்டை?

வாசகி கேட்கிறார்: "செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மாவோடு பத்து நாள் இத்தாலி போகிறேன். ரோம், புளோரன்ஸ், மிலான் என்று தங்குமிடம் முடிவாகிவிட்டது. எனக்குப் பழைய கோட்டைகள் என்றால் உயிர். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாடகைக் கார் எடுக்கலாமா? ஒரு சென்ட் நாணயத்தில் இருக்கும் அந்த எட்டு மூலைக் கோட்டைக்கும் போய்வர முடியுமா?"

கார் வேண்டாம். பழைய நகரப் பகுதிகள் பலவற்றுக்குள் அனுமதி பெறாத வண்டிகள் நுழையக்கூடாது. 'இசட்.டி.எல்.' என்று ஒரு பலகை இருக்கும். புதிதாக வருபவர் கண்ணில் அது படுவதற்குள் கேமரா படம் எடுத்துவிடும். அபராதம் நீங்கள் ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்து வந்து சேரும். உங்கள் மூன்று ஊர்களையும் அதிவேக ரயிலே இணைக்கிறது.

நாணயத்தில் இருப்பது காஸ்டல் டெல் மோன்டே. பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1240-களில் கட்டியது. எட்டு மூலைக் கட்டடம், மூலைக்கொரு எட்டு மூலைக் கோபுரம். எனக்கு மிகவும் பிடித்த கோட்டை. ஆனாலும் இந்த முறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது தெற்கே, புலியா மாநிலத்தில், ஆந்திரியா ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. ரோமிலிருந்து பாரி வரைக்கும் ரயிலில் நாலு மணி நேரம், அதற்குமேல் சாலைப் பயணம். பத்து நாளில் இரண்டு நாள் அதற்கே போய்விடும். உள்ளே பளிங்கெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனபின் மிஞ்சிய வெற்று அறைகள்தான். கட்டடக்கலையில் ஊறியவருக்கு அது போதும், அம்மாவுக்குப் போதாது.

அதற்குப் பதில் புளோரன்ஸிலிருந்து ஒரு நாள் பெராரா போய்வாருங்கள். போலோனா வரை அதிவேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடம், அங்கிருந்து இன்னொரு ரயிலில் அரை மணி நேரம். மேடு பள்ளம் இல்லாத, சைக்கிள்கள் ஓடும் ஊர். ஊர் நடுவில் நாலு கோபுரங்களோடு செங்கல் கோட்டை நிற்கிறது. அகழியில் இன்றும் தண்ணீர். 1385-இல் வரிச்சுமை தாங்காமல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஊரை ஆண்ட எஸ்தே வம்சத்து நிக்கோலோ வேறு வழியில்லாமல் தன் வரி அதிகாரியைக் கூட்டத்திடம் ஒப்படைத்தார், அவரை அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு இந்தக் கோட்டை வேலை தொடங்கியது. அகழியும் மதிலும் சொந்த ஊர்க்காரர்களுக்குப் பயந்து எழுந்தவை என்று தெரிந்துகொண்டு பாருங்கள், கோட்டையே வேறு மாதிரி தெரியும்.

கீழே நிலவறைச் சிறைகள் இருக்கின்றன. 1506-இல் தன் அண்ணனான ஆட்சியாளருக்கு எதிராகச் சதி செய்ததற்காக அதே வம்சத்து ஜூலியோ தெஸ்தே சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையானது 1559-இல். உள்ளே போனபோது முப்பதைத் தொடாத இளைஞர், வெளியே வந்தபோது எண்பதைத் தாண்டிய கிழவர். அந்த அறைக்குள் நுழையக் குனிந்துதான் போக வேண்டும். அங்கே நீங்களும் அப்பாவும் மட்டும் போங்கள். அம்மா மேல்தளத்துக் கூரை ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். லிஃப்ட் பற்றி நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரோமில் காஸ்டல் சான்ட் ஆஞ்சலோ. முதலில் இது பேரரசர் ஹாட்ரியனின் கல்லறை, 139-இல் முடிந்தது. பிற்பாடுதான் போப்புகளின் கோட்டையானது. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் வத்திக்கானிலிருந்து மதில்மேல் உள்ள வழியாக ஓடி வந்து தஞ்சம் புகுந்தது இங்கேதான். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் ரோமானியச் சரிவுப்பாதையில் மெதுவாக நடக்கலாம், ஆனால் அதற்குமேல் படிகள் உண்டு. காலையில் திறந்ததும் போங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். அம்மாவோடு போகும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம்.

மிலானின் ஸ்ஃபோர்சா கோட்டைதான் முழங்காலுக்குச் சுகம். மெட்ரோவிலிருந்து இறங்கினால் எதிரே கோட்டை. முற்றங்களுக்குக் கட்டணம் கிடையாது, தரையும் சமதளம். முகப்பில் எல்லோரும் படம் எடுக்கும் கோபுரம் 1905-இல் திரும்பக் கட்டியது. பழைய கோபுரம் 1521-இல் வெடிமருந்து வெடித்துச் சிதறிவிட்டது. உள்ளே மைக்கலாஞ்சலோ சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்த ரொண்டனினி பியத்தா இருக்கிறது, முடிக்காத சிலை. அதன் முன் அரை மணி நேரமாவது உட்காருங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை, அதனால் மிலானில் இருக்கும் நாட்களில் கோட்டைக்கென்று வேறு கிழமையை ஒதுக்குங்கள்.