லூயிவில்லை எந்த ஊரோடு ஒப்பிடுவது? கேள்வி பதில்

கென்டக்கியின் லூயிவில் நகரையும் (உள்ளூர்க்காரர் வாயில் 'லூவுல்') அதன் சகபாடி நகரங்களையும் ஒப்பிடுவது பற்றி மட்டும் கேளுங்கள். வீட்டு விலை ஜோசியம் கிடையாது.

கே: மக்கள்தொகையில் லூயிவில் 6.3 லட்சம், சின்சினாட்டி 3.1 லட்சம். லூயிவில்தானே இரண்டு மடங்கு பெரியது?

ப: சின்சினாட்டிதான் பெரியது. 2000 சென்சஸில் லூயிவில்லில் இருந்தவர்கள் 2,56,231 பேர். 2003-இல் நகரமும் அதைச் சுற்றிய ஜெபர்சன் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரே நிர்வாகமாயின. ஆள் குடிவரவில்லை, எல்லைக் கோடு நகர்ந்தது. அப்படியும் 2020-இன் 6,33,045 என்பது 'மீதி' கணக்குதான். செயின்ட் மேத்யூஸ், ஜெபர்சன்டவுன் போன்ற எண்பதுக்கு மேற்பட்ட குட்டி நகராட்சிகள் கவுண்டிக்குள் இன்னமும் தனியாக நிற்கின்றன. அவற்றையும் சேர்த்தால் 7,82,969. சின்சினாட்டி அப்படி இணையவில்லை. நகரமும் அதைச் சார்ந்த புறநகர்களும் சேர்ந்த பெருநகரப் பகுதியாக எடுத்தால் லூயிவில் சுமார் 12.9 லட்சம், சின்சினாட்டி 22.6 லட்சம்.

எண்ணைப் பார்க்கும் முன் எல்லையைப் பாருங்கள். இதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

கே: சகபாடிப் பட்டியலை எப்படிப் போடுவது, சார்?

ப: முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் போடுங்கள். பெருநகர மக்கள்தொகைக்கு 10 முதல் 25 லட்சம் என்று ஒரு வரம்பு வையுங்கள். அதற்குள் உற்பத்தி, சரக்குப் போக்குவரத்து வேலைகள் கணிசமாக இருக்கும் உள்நாட்டு ஊர்களை எடுங்கள்: இண்டியானாபொலிஸ், கொலம்பஸ், சின்சினாட்டி, நாஷ்வில், கான்சஸ் சிட்டி, மெம்பிஸ், பர்மிங்ஹாம், ஓக்லஹோமா சிட்டி. நம்மைவிட மோசமான ஊர்களை மட்டும் சேர்த்தால் மேயருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஊரின் எல்லையும் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாஷ்வில் 1963-இலும் இண்டியானாபொலிஸ் 1970-இலும் கவுண்டியோடு இணைந்தன. கொலம்பஸ், குடிநீரும் சாக்கடையும் வேண்டுமென்றால் நகரத்தோடு சேர் என்று சொல்லியே பரந்தது.

வருமானத்தை ஒப்பிட சென்சஸின் ஓராண்டுச் சமூகக் கணக்கெடுப்பை எடுங்கள். பிழை வரம்பை, அதாவது மாதிரிக் கணக்கில் எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை, விட்டுவிடாதீர்கள். உதாரணத்துக்கு, ஓர் ஊரில் 66,000 டாலர், வரம்பு 1,800. இன்னொன்றில் 68,000, வரம்பு 2,100. வரம்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,766. வித்தியாசமோ 2,000. அதைவிடக் குறைவு, ஆகவே 'முந்திவிட்டது' என்று எழுத முடியாது. 2020 ஆண்டைத் தவிர்த்துவிடுங்கள். கொரோனாவால் அந்த ஆண்டின் வழக்கமான வெளியீடே வரவில்லை, சோதனை அட்டவணைகள்தான் வந்தன.

கே: செயின்ட் லூயிஸ் பட்டியலில் இல்லையே? கொலை நகரம் என்பதாலா?

ப: பெருநகரம் 28 லட்சம், நான் வைத்த வரம்பைத் தாண்டுகிறது. கொலைக் கணக்கு வேறு விஷயம். அந்த நகரம் 1876-இல் தன் கவுண்டியிலிருந்து பிரிந்து, சுமார் 62 சதுர மைலுக்குள் அடைபட்டுவிட்டது. 2020-இல் 263 கொலை, 3,01,578 பேர், லட்சத்துக்கு 87. சுற்றியுள்ள கவுண்டியின் 10 லட்சம் பேர் வகுக்கும் எண்ணில் வருவதே இல்லை. லூயிவில்லுக்கோ பழைய புறநகர்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன.

கே: இது செயின்ட் லூயிஸுக்கு வெள்ளையடிக்கிற வேலை.

ப: 263 என்பது 263தான். மாறுவது தரவரிசை மட்டும். கவுண்டியைச் சேர்க்கிறவர்கள் வகுக்கும் எண்ணோடு கவுண்டியில் நடந்த கொலைகளையும் சேர்க்க வேண்டும்; பாதிப் பேர் கீழே கூட்டிவிட்டு மேலே மறந்துவிடுகிறார்கள்.

கே: அப்படியென்றால் இணைந்த நகரங்கள் ஏமாற்றுகின்றனவா?

ப: ஏமாற்றவில்லை, சராசரியில் கரைகின்றன. லூயிவில்லில் 9வது தெருவுக்கு மேற்கே உள்ள ஏழ்மையான வெஸ்ட் எண்டை வசதியான கிழக்குப் புறநகரோடு கலந்து ஒரே கொலை விகிதம் போட்டால் இரண்டு இடத்துக்கும் அது பொருந்தாது. சென்சஸ் வட்டார அளவில் (சில ஆயிரம் பேர் வாழும் சிறு பகுதிகள்) இறங்கி, வெஸ்ட் எண்டை செயின்ட் லூயிஸின் வடபகுதியோடு ஒப்பிடுங்கள். அது நியாயமான ஜோடி. 2021 எஃப்.பி.ஐ. குற்றத் தரவைத் தொடாதீர்கள். பதிவு முறை மாறியதில் பல காவல் துறைகளின் கணக்கு விடுபட்டது.

கே: நாஷ்வில்லில் வருமான வரி இல்லையாமே? அங்கேயே போய்விடலாமா?

ப: மாநில வரி சம்பளத்துக்கு இல்லை. லூயிவில்லில் 80,000 டாலருக்கு உள்ளூர் தொழில் வரி 2.2 சதவீதம், 1,760 டாலர். 2026 முதல் 3.5 ஆன மாநில வரி சுமார் 2,700. ஆனால் நாஷ்வில் விற்பனை வரி 9.75 சதவீதம், மளிகைக்கும் 6.75 உண்டு. கென்டக்கியில் 6, மளிகைக்கு இல்லை. இதோடு வாடகையையும் போட்டுக் கூட்டுங்கள். போகலாமா என்பது உங்கள் பாடு.

கே: ஆற்றுக்கு அக்கரையில், இண்டியானாவில் வீடு எடுத்தால்?

ப: மாநில வரி இண்டியானாவுக்கு மட்டும். வேலை லூயிவில்லில் என்றால் உள்ளூர் வரி 1.45 சதவீதம் தப்பாது. பள்ளிக்கூடப் பங்கான 0.75 மட்டும் குறையும். கென்னடி, லிங்கன், லூயிஸ் அண்ட் கிளார்க் பாலங்களில் சுங்கம். ஷெர்மன் மின்டனும் இரண்டாம் தெருப் பாலமும் இலவசம்.

கே: பள்ளிக்கூடத் தரம்?

ப: என் துறை இல்லை. கிட்டத்தட்ட கவுண்டி முழுக்க ஒரே பள்ளி மாவட்டம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கொலம்பஸில் புறநகருக்குப் புறநகர் தனி மாவட்டம். மறுபடியும் எல்லை.

கே: யு.பி.எஸ். கூரியர் நிறுவனத்தின் விமானச் சரக்கு மையம் இருப்பதால் விமான வசதி நன்றாக இருக்குமே?

ப: பெட்டிகளுக்கு நன்றாக இருக்கும்.

கே: லூயிவில் 6.3 லட்சமா, 7.8 லட்சமா? இரண்டும் பார்த்தேன்.

ப: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.