பிரிப்பதற்கு முன்பே என்ஜினைக் கழுவ வேண்டுமா?

கேள்வி: பழைய கார் என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கப் போகிறேன். வெளியே முழுக்க எண்ணெயும் மண்ணும் கெட்டியாக அப்பிக் கிடக்கிறது. இப்போதே கழுவ வேண்டுமா? பிரித்த பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழுவிக்கொண்டால் போதாதா? எதைப் போட்டுக் கழுவுவது?

பதில்:

இப்போதே கழுவுங்கள். பிரித்த பிறகு பாகங்களை எப்படியும் இன்னொரு முறை கழுவத்தான் போகிறீர்கள், ஆனால் அது வேறு வேலை. முதலில் கழுவுவது என்ஜின் பளபளக்க வேண்டும் என்பதற்காக அல்ல. வெளியே இருக்கிற மண் உள்ளே போய்விடக் கூடாது, அதற்குத்தான்.

பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலான கார் என்ஜின்களில் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனே கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். அந்த இடுக்கில் எண்ணெய்ப் படலத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. பேரிங்கின் மேல்பூச்சோ மெத்தென்ற உலோகம். ஒரு மணல் துகள் போய்ச் சேர்ந்தால் அதில் பாதி புதைந்து உட்கார்ந்துகொண்டு, சுற்றுகிற ஷாஃப்டைக் கீறிக்கொண்டே இருக்கும். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைத் தூக்கும்போது விளிம்பிலிருந்து உதிரும் கட்டி எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் விழலாம், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வழிக்குள் விழலாம், எண்ணெய் வழிக்குள்ளும் விழலாம். சிலிண்டரில் விழுந்ததைப் பார்த்து எடுத்துவிடலாம். எண்ணெய் வழிக்குள் போனது கண்ணில் படாது. முழு என்ஜினையும் பிரிப்பவர் அந்த வழிகளைப் பிறகு பிரஷ் விட்டுக் கழுவிக்கொள்ள முடியும். ஹெட்டை மட்டும் கழற்றி, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றுகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதனால் சின்ன வேலைக்குத்தான் முன்கூட்டியே கழுவுவது இன்னும் முக்கியம் என்பேன்.

சரி, உடனே பிரஷை எடுத்துவிடாதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் அந்த அழுக்கையே உட்கார்ந்து பாருங்கள். பலரும் விட்டுவிடுகிற படி இது. என்ஜினுக்கு என்ன கோளாறு என்பதில் பாதி அந்த அழுக்கிலேயே இருக்கிறது, கழுவிவிட்டால் திரும்பக் கிடைக்காது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். ஆகவே ஈரம் எங்கே அதிகமோ அங்கேயே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். ஈரத்தின் மேல் எல்லையைத் தேடுங்கள், முன்பக்கமாகத் தேடுங்கள். சம்ப் (என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) முழுக்க நனைந்திருக்கும், ஆனால் எண்ணெய் கிளம்பிய இடம் மேலே வால்வ் கவர் கேஸ்கட்டாக இருக்கும். இதை வைத்துப் பலர் தேவையில்லாமல் சம்ப்பை இறக்குகிறார்கள். காய்ந்து தூசி படிந்த கறை பழைய கசிவு. தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரம் இப்போதும் நடக்கிற கசிவு. வாட்டர் பம்ப்புக்குக் கீழேயும் ஹோஸ் மாட்டிய வாய்களைச் சுற்றியும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி தெரிந்தால் கூலன்ட் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது. ஹெட்டும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் சேருகிற கோட்டில் அப்படி ஏதாவது தெரிந்தால் அதைக் கண்டிப்பாகப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஹோஸ் எதில் மாட்டியிருக்கிறது, எந்த ஒயர் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்பதையும் இப்போதே படம் பிடித்துவிடுங்கள். காகிதச் சீட்டு ஒட்டி வைத்தால் கழுவும்போது போய்விடும். அடையாளம் கட்டுவதைக் கழுவிக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

என்ஜின் ஓடுகிற நிலையில் இருந்து, கசிவு எங்கிருந்து என்று இன்னும் பிடிபடவில்லை என்றால் ஒரு வழி உண்டு. கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடத்தில் வெள்ளைப் பவுடரை லேசாகத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எண்ணெய் கிளம்பும் இடம் வெள்ளையில் கோடு போட்டுக் காட்டும். பிரித்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

இனி கழுவும் வேலை. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லதுதான், கிரீஸ் இளகிக் கொடுக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். போட்ட திரவமும் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. என்ஜின் வண்டியிலேயே இருந்தால் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கழுவும்போது என்ஜின் எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆயில் மூடி, டிப்ஸ்டிக், ஸ்பார்க் பிளக் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். பழைய ஆயிலை வடிப்பதும் கழுவிய பிறகுதான். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபியூஸ் பெட்டி, கம்ப்யூட்டர் பெட்டி, கனெக்டர்கள் இவற்றுக்கு பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றியிருந்தால் இன்டேக் வாயையும் அப்படியே மூடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும்போது கிராங்கைச் சுழற்றினால் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஓட்டைகளில் துணியைத் திணித்து அடைக்கிற பழக்கம் வேண்டாம். துணி ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும், சில நேரம் துணியே உள்ளே தங்கிவிடும்.

முதலில் உலர்வாகச் சுரண்டுங்கள். இதைப் பொறுமையாகச் செய்தால் மீதி வேலை பாதியாகக் குறையும். கெட்டியான படிவத்தின் மேல் நேரடியாகத் திரவத்தை ஊற்றினால் அது கரிய சேறாகி எல்லா இடுக்கிலும் போய் இறங்கும். தட்டையான மரத்துண்டோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரோ போதும். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு பாளம் பாளமாகப் பெயர்த்தெடுங்கள். அலுமினியம் உள்ள இடத்தில் கம்பி பிரஷ் வேண்டாம். கீறல் விழும், உதிரும் கம்பித் துண்டு எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது.

எதைப் போட்டுக் கழுவுவது என்றால், தண்ணீரில் கரைகிற டிகிரீசர் (கிரீஸை நீக்கும் திரவம்) நல்லது. அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் மண்ணெண்ணெய் அல்லது டீசல். பெட்ரோலை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடியது, காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவித் தூரத்தில் இருக்கும் பொறியிலும் பிடிக்கும். மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட 38 டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும், அதனால் மண்ணெண்ணெய் போடுவதானால் என்ஜின் வெதுவெதுப்புகூட இல்லாமல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் அலுமினிய ஹெட்டுக்கு ஆகாது. உலோகத்தையே அரித்துவிடும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். இன்னொன்று, குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்த வெப்பத்தில் உண்டாகும் பாஸ்ஜீன் உயிரைப் பறிக்கும் வாயு.

திரவத்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, கால் மணி நேரம் காயவிடாமல் ஊறவைத்து, பெயின்ட் பிரஷாலும் பழைய டூத் பிரஷாலும் தேயுங்கள். அலசுவது மேலிருந்து கீழாக. சாதாரண ஹோஸ் தண்ணீரே போதும். பிரஷர் வாஷர் வேண்டாம் என்றே சொல்வேன். ஆயில் சீல் உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் பிடிப்பதற்காகச் செய்தது, வெளியிலிருந்து பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்குவதற்காக அல்ல. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய என்ஜின் ஆயில் தோலில் நெடுநாள் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். தட்டில் பிடித்து, மரத்தூளில் ஊறவைத்து, பழைய ஆயிலோடு அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

காயவைக்க கம்ப்ரஸர் காற்று சௌகரியம். ஆனால் கிளட்ச் பக்கம் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய வண்டிகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இரும்பு பிளாக்கில் கழுவிய கொஞ்ச நேரத்திலேயே துரு பூக்கும் என்பதால் லேசாக எண்ணெய் காட்டிவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைத் தனியாகக் கவனியுங்கள். கழுவிய தண்ணீரும் மண்ணும் அங்கேதான் தேங்கும். முதலில் காற்றடித்து ஊதுங்கள். பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். மறுபடி ஊதுங்கள். தளர்த்தும்போது பிளக்கின் அடியில் சிக்கியிருந்த மண் கொஞ்சம் கிளம்பி வரும், இரண்டாவது ஊதல் அதற்காக. அப்புறம்தான் முழுதாகக் கழற்ற வேண்டும். கம்ப்ரஸர் இல்லையா, மெல்லிய குச்சி நுனியில் கிரீஸ் தடவி ஒற்றி ஒற்றி எடுங்கள், மண் அதில் ஒட்டி வந்துவிடும். டீசல் என்ஜினில் இன்ஜெக்டருக்கும் இதே முறைதான். பைப்பைக் கழற்றிய நொடியே இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு.

ஆலன் கீ போடும் போல்ட்களின் குழியிலும் அழுக்கு இறுகியிருக்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் சின்ன ஆணியால் அடிவரை நோண்டி எடுங்கள். கீ முழு ஆழத்துக்கு இறங்காமல் திருப்பினால் ஓரம் மழுங்கி, போல்ட்டைத் துளை போட்டு எடுக்கிற நிலை வந்துவிடும். இறுகிய போல்ட்டுக்கு விடும் எண்ணெயும் மரைக்குள் இறங்க வேண்டுமானால் மேலே இருக்கும் படிவம் போயிருக்க வேண்டும். கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் மார்க், பிளாக்கில் வார்த்த எண், என்ஜின் நம்பர் எல்லாம் இப்போது தெளிவாகத் தெரியும். அவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உதிரிபாகம் வாங்கும்போது கேட்பார்கள்.

பிரித்த பிறகு செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேஸ்கட் ஒட்டும் முகத்தைச் சுத்தம் செய்ய, சுழலும் நார் டிஸ்க்கை டிரில்லில் மாட்டித் தேய்க்காதீர்கள். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் ஆட்களுக்கே இதைச் செய்ய வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

எவ்வளவு சுத்தமானால் போதும்? கறை இருந்தால் இருக்கட்டும், நிறம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. பாகங்கள் சேருகிற கோடுகள், போல்ட் தலைகள், குழிகள் இவற்றை மட்டும் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டினால் அந்த இடத்துக்கு இன்னொரு முறை பிரஷ் போடுங்கள். தட்டவில்லையென்றால் ஆயிலை வடித்துவிட்டுப் பிரிக்கத் தொடங்கலாம்.