வெள்ளிக் குழியின் கல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா நம்டு பக்கம் பாட்வின் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் வைத்துவிட்டுப் போன கல் ஒன்று எலுமிச்சம்பழ அளவில் இருக்கிறது. பளபளக்கிறது, தூக்கினால் நல்ல கனம். வெள்ளியா? பத்தரிடம் கொடுத்து உருக்கிப் பார்க்கலாமா?
– வாசகர், லாஷியோ

பதில்: தயவுசெய்து உருக்காதீர்கள். மியான்மரின் ஷான் மாநிலத்திலுள்ள பாட்வின் என்றால் பர்மிய மொழியில் வெள்ளிக் குழி என்றுதான் பொருள். ஆனால் அங்கே வெள்ளி பெரும்பாலும் காரீயத் (ஈயத்) தாதுவான கலீனாவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடக்கிறது. உங்கள் கையிலிருப்பதும் அநேகமாக அதுவே.

உடைந்த முகத்தைப் பாருங்கள். கலீனா சதுரம் சதுரமாக, குட்டிப் படிக்கட்டு போல உடையும். தரை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் உரைத்தால் ஈயச் சாம்பல் நிறத்தில் கோடு விழும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ விழுந்தால் துத்தநாகத் தாது. பச்சை ஓடிய கறுப்பு என்றால் செம்புத் தாது. உரைத்த தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எடையும் போடலாம். முதலில் அப்படியே நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு, கல் முழுதும் தண்ணீருக்குள் இருக்கும்படி, பாத்திரத்தில் முட்டாமல் நிறுங்கள். வெளியே 300 கிராம், தண்ணீரில் 260 என்றால் குறைந்தது 40. 300ஐ 40ஆல் வகுத்தால் 7.5; தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். அது சுத்தக் கலீனா. துத்தநாகத் தாதுவுக்கு 4தான் வரும். ஐந்து, ஆறு என்று வந்தால் கலப்படத் தாதுவாக இருக்கலாம், அல்லது கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கலாம். தூரிகையால் தடவிவிட்டு மறுபடி நிறுங்கள்.

இனி கணக்கு. டன்னுக்கு 500 கிராம் வெள்ளி இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 300 கிராம் கல்லில் 0.15 கிராம் வரும். காரீயமோ ஏறக்குறைய 260 கிராம். அதை உருக்கினால் ஈயப் புகையும் கந்தகப் புகையும் பத்தரின் நெஞ்சுக்குள் போகும். கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதே தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: பாட்வினில் சீனர்கள் விட்டுப்போன கசடுக்காக (தாது உருக்கியபின் மிஞ்சும் கழிவு) ஆங்கிலேயர் ரயில் பாதையே போட்டார்களாமே?
– வாசகி, யாங்கோன்

பதில்: உண்மைதான். சீனாவின் யுன்னான் மாகாணத்தவர் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வெள்ளி எடுத்தவர்கள். 1856இல் யுன்னான் முஸ்லிம்கள் தொடங்கிய பாந்தே கிளர்ச்சிக் காலத்தில் வேலை நின்றுபோனது.

அவர்கள் முறை இது: தாதுவை உருக்கி, வெள்ளி கலந்த காரீயத்தைப் பிரிப்பார்கள். அதைச் சாம்பல் கெட்டித்த குழியில் மீண்டும் உருக்கி, மேலே துருத்தியால் காற்றடிப்பார்கள். காரீயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கியாகும் (சித்த மருத்துவர்களுக்குப் பழகிய பெயர்). அதைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி மாறாது. கடைசி ஏடு விலகும்போது உருண்டை சட்டென்று கண்விழித்தது போல ஒளிரும். மிருதார்சிங்கி 888 டிகிரி செல்சியஸில் உருகுவது. சூடு குறைந்தால் மேலே ஆடை கட்டி வேலை நின்றுவிடும். கூடினால் வெள்ளியும் புகையோடு போகும்.

கோவேறு கழுதை முதுகில் மலைப்பாதையில் கொண்டுபோக வெள்ளி கட்டுப்படியாகும், காரீயம் ஆகாது. ஆகவே ஈயம் மிகுந்த கசடு மலைமலையாகத் தங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவரத்தான் 610 மில்லிமீட்டர் அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டு, லாஷியோ பாதையில் நம்யாவில் இணைத்தார்கள். இந்தத் தொழிலில் முன்னின்றவர்களில் ஒருவர் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. கசடு கொடுத்த லாபம்தான் சுரங்கத்தை ஆழத்தில் தேடிப்பார்க்கும் தெம்பைத் தந்தது.

கேள்வி: பாட்வினில் தாது எப்படி வந்தது? டைகர் சுரங்கப்பாதை எதற்கு?
– மாணவர், மண்டலே

பதில்: சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் சாம்பல் பாறை அது. உலோகம் கரைந்த வெந்நீர் பாறையின் வெடிப்புகள் வழியே ஓடி, காரீயம், துத்தநாகம், செம்பு மூன்றையும் கந்தகத்தோடு சேர்த்துப் படியவைத்தது. பிறகு பிளவுகள் அந்தப் படிவை அறுத்து நகர்த்தின. ஷான், சைனாமேன், மெயிங்தா என்று மூன்று படிவுகளாகச் சொல்வது அதனால்தான்.

சீனர்கள் மேலிருந்து தோண்டினார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் இறைப்பது பெரும்பாடு. 1916இல் முடிந்த டைகர் பாதை மலையின் பக்கவாட்டில், தாழ்ந்த மட்டத்தில் நுழைகிறது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வாசலை நோக்கி லேசான சரிவு இருந்தால் தண்ணீர் தானே வடியும், நிறைந்த வண்டியும் எளிதாக இறங்கும். மேலே வெட்டிய தாதுவைத் துளை வழியே கீழே கொட்டினால் போதும், தூக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டுப் பாதையில் பழைய உலைக் கசடு பரப்பியிருக்கிறோம். பக்கத்தில் கீரைப் பாத்தி. பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.
– ஒரு தாய், ஷான் மாநிலம்

பதில்: பாத்தியை இன்றே மாற்றுங்கள், அம்மா. வேறிடத்து மண்ணை உயரமாகக் கொட்டி, அடியில் கெட்டியான விரிப்புப் போட்டு நடுங்கள். பாதையைச் சிமெண்ட் போட்டு மூடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். பிள்ளைகள் சாப்பிடுமுன் கை கழுவட்டும், செருப்பு வாசலோடு நிற்கட்டும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும். பால், முட்டை, பருப்பு கொடுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது வராது.