முட்டிவலி அம்மாவும் சோப்தா பூக்களும்

ஏப்ரல் இரண்டாம் வாரம், 62 வயசு அம்மா, முட்டிவலி, புரான்ஸ் பூ (இமயமலையின் சிவப்பு ரோடோடென்ட்ரான்) பார்த்தே ஆகணும், உத்தராகண்ட்ல இருக்கிற துங்கநாத் கோயிலுக்கு ஏறலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேண்டாம்னுதான் சொல்வேன். ஏற்றம் தொடங்கும் சோப்தாவிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள்தான், கல் பாவிய பாதைதான். ஆனா கோயில் இருப்பது 3,680 மீட்டரில். அந்த மாசத்துல நிழல் விழும் வளைவுகளில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஏறிடுவாங்க, இறங்கும்போதுதான் முட்டி பேசும். கோயில் நடையும் அப்போ திறந்திருக்காது.

பதிலா அந்தப் பக்கத்துலயே இருக்கிற சாரி கிராமத்திலிருந்து தேவரியா தால் ஏரிக்குப் போங்க. மூணு கிலோமீட்டர்கூட வராது, உயரம் 2,400 மீட்டர் சொச்சம். ஏற்றம்தான், ஆனா உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். வழியெல்லாம் புரான்ஸ் (நீலகிரியில் காட்டுப்பூவரசுன்னு சொல்றோமே, அதன் நெருங்கின சொந்தம்). பாதையில் உதிர்ந்த பூ மேல மிதிக்காம நடக்கச் சொல்லுங்க. நசுங்கினா கல்லு வழுக்கும். அம்மாவுக்கு ரெண்டு கையிலும் தடி.

விடியக்காலையில் கிளம்பிடுங்க. காத்து எழும்புறதுக்கு முன்னாடி போனா, சௌகம்பா சிகரம் ஏரித்தண்ணியில் தலைகீழா நிக்கும். இறங்கினதும் அந்தப் பூவில் செய்த சிவப்பு சர்பத் கேட்டுப் பாருங்க, லேசா புளிக்கும். எங்கம்மா ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.