முதலில் கடிதம், அப்புறம் காலேஜ்

தம்பி, அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் 2 வருடம் எலக்ட்ரீஷியன் டிரேடு முடித்து, 7 வருடமாக அபார்ட்மென்ட் சைட்டுகளில் வயரிங் செய்கிறீர்கள். மனைவிக்குப் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்து டொராண்டோ கிளம்புகிறீர்கள். அங்கே காலேஜில் 2 வருட டிப்ளமோ முடித்தால்தான் எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்று ஏஜென்ட் சொல்கிறாராம், பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கட்டாதீர்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் டிப்ளமோ மட்டும் லைசென்ஸ் ஆகாது. நம் வேலைக்கு அங்கே 309ஏ என்று பெயர். ஒரு கம்பெனி உங்களை அப்ரன்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே கற்பவராக, எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மொத்தம் 9,000 மணி நேரம். அதில் காலேஜ் வகுப்பு 840 மணிதான். 240, 300, 300 என்று மூன்று தவணையாக, வேலைக்கு நடுவே போய் வருவோம். கடைசியில் பரீட்சை, 70 சதவீதம் எடுத்தால் பாஸ்.

அந்த வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. நம் கை பழகியது வேறு. அங்கே வீட்டுக்கு 120, 240 வோல்ட். சுவர் மரச்சட்டம், துளை போட்டுக் கேபிளை இழுக்க வேண்டும். வயர் நிறம்தான் முக்கியம். போன வாரம் கனடாவிலிருந்து லீவில் சென்னை கொளத்தூர் வந்தபோது அம்மா வீட்டு சுவிட்ச் போர்டைத் திறந்தேன். சிவப்பு, கறுப்பு, பச்சை. என் கை தானாகக் கறுப்பை லைவ், அதாவது கரண்ட் வரும் வயர், என்று ஒதுக்கி வைத்தது. அங்கே கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்). இங்கே கறுப்பு நியூட்ரல் என்பது ஐ.டி.ஐ.யில் முதல் வாரம் படித்தது! நீங்கள் அங்கே போனதும் இதே தப்பு தலைகீழாக வரும். நியூட்ரல்தானே என்று கறுப்பைத் தொடுவீர்கள். டெஸ்டரை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சரி, உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டு அனுபவத்தைக் காகிதத்தில் நிரூபித்தால், அதை எடைபோட்டு நேராகப் பரீட்சை எழுத விடுவார்கள். வருடத்துக்கு 300 நாள், நாளைக்கு 8 மணி என்றாலே 7 வருடத்தில் 16,800 மணி. ஆனால் வீட்டு வயரிங் மட்டும் போதாது. மோட்டார், பேனல், கன்ட்ரோல் வேலை செய்திருந்தால் அதையும் கடிதத்தில் தனியாகக் காட்டுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. முகப்பேரில் ஒரு கான்ட்ராக்டரிடம் 4 வருடம் வேலை பார்த்தேன். நான் கனடா போன பிறகு அங்கிருந்து அனுபவக் கடிதம் கேட்டபோது அவர் தொழிலையே மூடிவிட்டார், போனும் எடுக்கவில்லை. 29 வயதில், 19 வயதுப் பையன்களோடு சேர்ந்து சைட்டைக் கூட்டுவதிலிருந்து ஆரம்பித்தேன். லைசென்ஸ் வாங்க 5 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அதனால் விமானம் ஏறுமுன் ஒவ்வொரு பில்டரிடமும் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி, என்னென்ன வேலை, அவர் போன் நம்பர். ‘நல்ல பையன், நன்றாக உழைத்தான்’ என்று எழுதினால் உதவாது. ஆங்கிலத்தில் ஒரு மாதிரி தயார் செய்து கையோடு கொண்டு போங்கள், பில்டர்கள் உட்கார்ந்து எழுத மாட்டார்கள். கான்கிரீட் ஸ்லாப் போடும் பரபரப்பான நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள்.