இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் விப்ரியோ கிருமி வந்தால் ஆன்டிபயாடிக் போடலாமா?

போடாதீர்கள். கேட்டவர் ஹேச்சரி வேலைக்குப் புதியவர், முதலாளி பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறார் என்றே நினைக்கிறேன். அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். நான் ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கத்துத் தமிழன். நெல்லூர் மாவட்டக் கடற்கரை ஹேச்சரிகளில்தான் பிழைப்பு.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைக் கலக்கினால் பச்சையாக மின்னும். அது விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் வகை. நான் இருந்த ஓர் இடத்தில் அப்படி ஆனபோது, லேபிளே இல்லாத ஒரு பொடியைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். குஞ்சு பிழைத்துக்கொண்டது, கெட்ட பெயர் எனக்கு. அடுத்த பேட்சில் அதே பொடியை அள்ளிக் கொட்டியும் மைசிஸ் என்ற இளம் பருவத்துக் குஞ்சு அத்தனையும் விடிவதற்குள் தொட்டி அடியில் கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து வில்லையை வைத்தார்கள். மருந்துக்கு அது சாகிறது என்றால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழ வேண்டும். விளிம்பு வரை கிருமி அப்பிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மருந்துக்குத் தப்பியதுதான் மிஞ்சிப் பெருகும், அந்தத் திறனை மற்ற கிருமிக்கும் கடத்தும். தொட்டிக் கழிவு போய்ச் சேரும் கடலில்தான் பக்கத்து ஹேச்சரிக்காரரும் தண்ணீர் எடுக்கிறார். இது என் கற்பனை இல்லை. மங்களூரு மீன்வளக் கல்லூரியின் கருணாசாகர் குழு, மருந்துக்கு அடங்காத ஹார்வேயியால் வரி இறால் குஞ்சுகள் கூட்டமாகச் செத்ததை 1994-லேயே எழுதிவிட்டது. குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாடிக்குகள் சட்டப்படியே தடை.

ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக நல்ல கிருமிகளை விடும் புரோபயாடிக்கை விற்கிறவன் என்று சிலர் கிளம்புவீர்கள். நான் எதையும் விற்கவில்லை, அதுவும் எல்லா நேரமும் கைகொடுக்காது. தண்ணீருக்குக் குளோரின் போட்டு, அது முழுக்கப் போனபிறகு தொட்டியில் விடுங்கள். குஞ்சுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டிமியா என்ற சிறு உயிரியை நன்றாக அலசுங்கள், விப்ரியோ அதோடும் உள்ளே வரும். பேட்ச் முடிந்ததும் தொட்டியைக் கழுவிக் காயவிடுங்கள். அப்படிக் காயவிடத்தான் எந்த முதலாளியும் நாள் தரமாட்டார்.

அப்புறம் ஒரு வருத்தம். பயிற்சிக்குப் போனால் கையேடு தெலுங்கில் தருகிறார்கள், இல்லையென்றால் ஆங்கிலத்தில். எல்லையில் தமிழ்ப் பள்ளியில் படித்த எங்கள் பையன்கள் தெலுங்கு சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. மருந்து டப்பாவையும் அவர்கள்தான் திறக்கிறார்கள். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?